மணற்குன்றும் அதைத் தாங்கும் கொடிகளும்
கடலோர நிலமுடையோருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும்

நாஞ்சில் நாட்டு விவசாயி தன் வயலுக்குத் தண்ணீர் வரும் வழியை நன்கறிவான். பேச்சிப்பாறை அணையின் ஜலம் எந்தச் சானலில் எப்போது வரும், பழையாற்றின் எந்த அணைக்கட்டில் எவ்வளவு தேங்கும், ஊர்க்குளத்தின் கரை எவ்விடத்தில் பலங்குன்றியிருக்கிறது என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். குளக்கரையில் ஓர் எலிவளையைக் கண்டால் அன்றே மண்வெட்டியை எடுத்துச் செல்வான். ஆனால் அவனுடைய பூமிக்குக் கடற்புறத்தில், வயலுக்கும் சமுத்திரத்துக்கும் இடையே, எந்த எஞ்சினீயரும் கட்டாத வேறொரு கரை நிற்கிறது. அதுவே மணற்குன்று. குளக்கரை உடைந்தால் ஊரே கூடுகிறது. மணற்குன்றை வெட்டி வண்டியில் ஏற்றினால் ஏனென்று கேட்பாரில்லை. காரணம், அது வெறும் மணல் என்று நாம் எண்ணியிருப்பதுதான். அது வெறும் மணலன்று, செடி கொடிகளால் உயிரோடு கட்டப்பட்ட கரை என்பதையும், அக்கொடிகள் போனால் கரையும் போய்விடும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மணற்குன்று உண்டாகும் விதம்

நமது ஜில்லாவின் கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் பெரும்பகுதி குமரிமுனைக்கு மேற்கே அரபிக்கடலை நோக்கியும், மிகச் சிறுபகுதி முனைக்குக் கிழக்கேயும் அமைந்திருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மும்முரமாயிருக்கும்போது கடல் கொந்தளித்துக் கரையை அரித்து மணலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசிக்குப் பின் அலை தணிந்தவுடன், இழுத்த மணலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கரையில் சேர்க்கும். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஆண்டுதோறும் நடைபெறுவது.

கரையில் சேர்ந்த மணல் வெயிலில் உலர்ந்தபின் காற்று அதைத் தூக்குகிறது. மணற்பரல்கள் வெகு உயரம் பறப்பதில்லை. தரையை ஒட்டித் தத்தித் தத்திச் செல்கின்றன. வழியில் ஒரு கொடியோ புற்றூரோ தடுத்தால் அவ்விடத்தில் காற்றின் வேகம் குறைந்து மணல் விழுகிறது. விழுந்த மணலில் கொடி புதைகிறது. சாதாரணப் பயிராயின் புதைந்து மடியும். கடலோரக் கொடியோ புதையப் புதைய மேலே கிளைத்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, மறுபடியும் மணலைப் பிடிக்கிறது. இவ்வாறு கொடி மணலை உயர்த்த, மணல் கொடியை உயர்த்த, பல ஆண்டுகளில் ஒரு குன்று எழுகிறது. ஆகவே குன்றைக் கட்டியது காற்று மட்டுமன்று. காற்று மணலைச் சுமந்து வந்தது. கொடியே அதை நிறுத்தி வைத்தது.

சொத்தவிளைக் கடற்கரையில் இத்தகைய குன்றுகளை எளிதாய்க் காணலாம். முட்டத்தருகே இருப்பது வேறு வகை. அங்குள்ள செம்மணல் மேடு பன்னெடுங்காலத்துக்கு முன் உண்டாகி, இரும்புச்சத்தால் சிவந்து, தேரி எனப்படும் நிலமாயிற்று. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. பழைய தேரியில் மேற்போர்வையான செடிகள் அழிந்தால், மழைநீர் அறுத்து ஆழ்ந்த ஓடைகள் உண்டாகின்றன. அவ்வாறு அறுபட்ட நிலத்தை முட்டத்தில் இன்றும் நேரிற் பார்க்கலாம்.

2. குன்றில் வாழும் பயிரினங்கள்

கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி நடந்தால் செடிகள் வரிசை வரிசையாக மாறிவருவது தெரியும்.

முதல் வரிசையில், அலையின் எல்லைக்குச் சற்று மேலே, அடம்பு படர்கிறது. பண்டைப் புலவர் அடும்பு என்று வழங்கியது இதுவே. குறிஞ்சிப்பாட்டில் எண்ணப்படும் பூக்களுள் இதுவும் ஒன்று. இலை நுனி பிளந்திருப்பதால் ஆட்டுக்கால் கொடி என்றும் சொல்வார்கள். கத்தரிப்பூ நிறத்தில் மலரும். இதன் விதை தடித்த ஓடுடையது; மாதக்கணக்கில் கடல்நீரில் மிதந்தாலும் முளைக்கும் திறன் கெடுவதில்லை. இதனோடு இராவணன் மீசை என்னும் முட்புல்லும் வளரும். இப்புல்லில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் புல்லின் கதிர், முள்ளுருண்டைபோல் திரண்டு, முற்றியதும் முறிந்து, காற்றில் கடற்கரை நெடுக உருண்டோடி விதையைச் சிந்திச் செல்லும். சிறுவர்கள் அதைத் துரத்தி விளையாடுவார்கள்.

இவற்றிற்கிடையே சிறிய பூண்டுகள் சில உண்டு. மஞ்சள் பூவுடன் நூல்போல் ஓடும் லானியா, கடலோரக் கோரை, கடலோரக் காட்டவரை, ஹைட்ரோபைலாக்ஸ் மாரிடிமா என்று பயிர்நூலார் பெயரிட்ட சதைப்பற்றுள்ள படர்பூண்டு ஆகியவை அவை. காட்டவரை மற்ற அவரையினங்களைப் போலவே வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்ப்பதால், உரமற்ற மணலுக்கு முதல் எருவிடுவது அதுவே எனலாம்.

குன்றின் உச்சிக்கு அப்பால், உப்புக்காற்று சற்றுத் தணிந்த சரிவில் தாழை, சங்கங்குப்பி, நொச்சி முதலிய புதர்களும், அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, பனை ஆகிய மரங்களும் நிற்கின்றன. வறண்ட பக்கங்களில் குடைவேல் என்னும் உடைமரம் குடை விரித்தாற்போல் நிற்பதைக் காணலாம். இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாய் வளரும் மரமாகும்.

இவற்றில் அரியவை எவை என்று கேட்கலாம். அடம்பு உலகின் வெப்பநாட்டுக் கரைகளெங்கும் உள்ளது. ஆதலால் உலகக் கணக்கில் அரிதன்று. ஹைட்ரோபைலாக்ஸ் போன்றவையோ பெரும்பாலும் நம் தீபகற்பத்தின் கரையையும் இலங்கைக் கரையையும் நம்பியே பிழைப்பவை. ஆனால் இவ்விரண்டிற்கும் பொதுவான ஓர் அபாயம் உண்டு. வயற்களை ஓரிடத்தில் அழிந்தால் பக்கத்து வரப்பிலிருந்து மறுபடியும் வரும். கடலோரப் பூண்டுக்கு முன்னால் கடல், பின்னால் ரஸ்தா அல்லது தோப்பு. அதற்கு உள்ள நிலம் நீளத்தில் பல மைலாயினும் அகலத்தில் சில கஜமே. அந்தச் சில கஜத்தை ஓர் ஊரில் சமப்படுத்திவிட்டால் அவ்வூரில் அது திரும்ப முளைக்க இடமேயில்லை. இவ்வாறு ஊருக்கு ஊர் அற்றுப்போவதே, நாளடைவில் ஓர் இனம் முழுவதும் அற்றுப்போகும் வழியாகும். பங்குனி ஆமை முட்டையிடுவதும் இந்த ஒடுங்கிய மணலிலேதான் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

3. நிலமுடையோருக்கு இதனால் விளையும் பயன்

பூண்டுகளின் பெருமை இருக்கட்டும், எனக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கும் விவசாயிக்கு மூன்று விடைகள் கூறலாம்.

முதலாவது, காற்றும் உப்பும். அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத்துளிகளைக் காற்று உள்நாட்டுக்குக் கொண்டுவருகிறது. குன்றும் அதன்மேலுள்ள புதர்களும் காற்றை மேலே தூக்கிவிடுவதால், பின்புறமுள்ள வாழைக்கும் காய்கறிக்கும் இளந்தென்னைக்கும் உப்பு குறைவாய் விழுகிறது. கொடியற்ற குன்றோ காவலன் என்பது போய்ப் பகைவனாகிறது; அதன் மணலே பறந்து வயலிலும் வாய்க்காலிலும் விழுந்து தூர்த்துவிடும்.

இரண்டாவது, கிணற்றுநீர். இதை நன்கு கவனிக்கவேண்டும். மணலில் பெய்யும் மழை ஓடிப்போகாமல் கீழிறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீராய் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகையால் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயரம் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும். இந்த விதியை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து தேசத்துப் பாடன் கெய்பனும், 1901 ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டார்கள். இதன் மறுபக்கமே நமக்கு முக்கியம். குன்றை வெட்டித் தாழ்த்தி, மழையைப் பிடித்து வைக்கும் மணலைக் குறைத்து, போதாக்குறைக்கு மின்மோட்டாரும் வைத்து இறைத்து, மேலே நிற்கும் நன்னீர் அரையடி குறைந்தால், கீழே உப்புநீர் 20 அடி மேலேறி வரும். கிணற்றில் நீர்மட்டம் குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. தென்னையின் காய்ப்புக் குறைந்தபின்பே தெரியவரும். அப்போது செய்வதற்குச் சிறிதே இருக்கும்.

ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 ஆம் ஆண்டு முதல் தன் குடிநீரைக் கடலோர மணற்குன்றுகளிலிருந்தே எடுத்துவருகிறது. அங்கும் அளவுக்கு மிஞ்சி எடுத்ததால் உப்புநீர் மேலேறவே, 1957 ஆம் ஆண்டு முதல் ரைன் நதியின் நீரைக் கொண்டுவந்து குன்றுகளுக்குள் இறக்கி, இழந்த நன்னீரை ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. பெரும் பொருளுள்ள நகரம் அதைச் செய்தது. நம் கிராமத்துக்கு அந்தச் செலவு கட்டுமா என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, பேரலைக்கும் புயலுக்குமான சேமிப்பு. மழை பொய்த்த காலத்துக்கென்று பத்தாயத்தில் நெல்லை வைப்பதுபோல், கடல் கொந்தளிக்கும் காலத்துக்கென்று கரை தன் மணலைக் குன்றில் வைத்திருக்கிறது. ஆடி மாதத்து அலை குன்றின் அடியை அரித்து மணலை எடுத்துக்கொள்ளும். அந்த மணல் அலை உடையும் இடத்தில் திட்டாய்க் கிடந்து பின்வரும் அலையின் வேகத்தைக் குறைக்கும். குன்று இல்லாவிடில் கடல் எடுத்துக்கொள்வது தோப்பையும் வீட்டையுமே.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையை இந்த ஜில்லாவில் மறந்தவர் இல்லை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்கள் பட்ட துயரம் சொல்லி முடியாது. மணக்குடிப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. மணற்குன்று இருந்திருந்தால் அத்தனையும் தடுத்திருக்கும் என்று கூறுவது உண்மையாகாது. அத்தகைய அலையை முற்றிலும் தடுக்கும் இயற்கைக் கரை கிடையாது. ஆனால் குன்றின் உயரமும் அதன் தொடர்ச்சியும் சேதத்தை மாற்றுகின்றன என்பதற்கு இலங்கையின் யாலாப் பகுதி சான்றாகும். அங்கே கடல் நன்கு தெரியவேண்டுமென்று முன்னிருந்த குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்த ஒரு விடுதி அன்று அடியோடு அழிந்ததைப் பின்னர் சென்று அளந்த விஞ்ஞானிகள் பதிவுசெய்திருக்கிறார்கள். குன்றில் ஒரு வாசல் திறந்தால், அலை அந்த வாசல் வழியாகவே ஊருக்குள் வரும்.

4. அழிவுக்குக் காரணங்கள்

குன்று தானாக அழிவதில்லை. பெரும்பாலும் நாமே காரணம்.

முதலில், மணல் எடுத்தல். வீட்டுமனை மேடாக்கவும் பள்ளம் நிரப்பவும் குன்றை வெட்டுகிறோம். ஒரு கணக்குப் பார்ப்போம். அடியில் 30 அடி அகலமும் உச்சியில் 10 அடி உயரமும் 300 அடி நீளமும் உள்ள குன்றில் சுமார் 45,000 கன அடி, அதாவது 450 யூனிட் மணல் இருக்கும். சில நாட்களில் லாரிகளில் ஏற்றி முடித்துவிடலாம். அதைக் கொடியும் காற்றும் கட்டுவதற்கு ஒரு தலைமுறை போதாது. விற்றவருக்குக் கிடைப்பது ஒரு முறைப் பணம். பக்கத்து நிலத்துக்காரருக்குக் கிடைப்பது என்றுமுள்ள உப்புக்காற்று.

இரண்டாவது, சமப்படுத்துதல். விளையை இன்னும் பத்து சென்ட் கடற்புறமாய் நீட்டித் தென்னை வைக்கலாம் என்று குன்றைத் தள்ளிச் சமமாக்குகிறார்கள். முன்வரிசைத் தென்னை உப்புக்காற்றில் காயும்; பின்வரிசைத் தென்னைக்கு இருந்த காவலும் போயிருக்கும்.

மூன்றாவது, கொடியை அறுத்தலும் ஆடுமாடு மேய்த்தலும். அடம்பைத் தழையுரத்துக்கும் தீவனத்துக்கும் வேரோடு இழுப்பது, குன்றின் தையலைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, தவறான மரநடவு. சவுக்கு மரத்தால் காற்றுத்தடுப்பு உண்டு என்பது மெய்யே. ஆனால் அலைக்கு எதிரேயுள்ள முன்குன்றில் சவுக்கை நெருக்கி நட்டால், உதிரும் ஊசியிலை மெத்தைபோல் மூடி, அடம்பையும் மற்றப் பூண்டுகளையும் முளைக்கவொட்டாது. ஆமைக்கும் முட்டையிட இடமிராது. சவுக்கு நடவேண்டிய இடம் குன்றுக்குப் பின்புறம். சீமைக்கருவேலை எவ்விடத்திலும் வளரவிடலாகாது.

ஐந்தாவது, கல்லால் கட்டும் சுவர்களும் தூண்டில் வளைவுகளும். குடியிருப்பு மிக நெருங்கிய ஊர்களில் இவை தவிர்க்கமுடியாதவையாக இருக்கலாம். ஆயினும் கரை நெடுக நகரும் மணலை ஓரிடத்தில் தடுத்தால், அடுத்த இடத்தில் குறையும் என்பது இயற்கை. நம்மூருக்குக் கேட்டுப் பெற்ற வளைவு பக்கத்தூரின் கரையை அரிக்குமா என்று முன்கூட்டியே விசாரிப்பது நியாயம்.

ஆறாவது, கனிமம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909 ஆம் ஆண்டில் ஜெர்மானிய ரசாயனியாகிய ஷோம்பர்க் என்பவர் கண்டறிந்தார். அது முதல் இப்பகுதியின் மணலுக்கு உலகச் சந்தையில் மதிப்பு ஏற்பட்டது. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவையும் இதில் உண்டு. இதனால் வேலையும் வருமானமும் உண்டானது போலவே, கடலரிப்பையும் கதிர்வீச்சையும் பற்றிய அச்சமும் மக்களிடையே நிலவுகிறது. 2013 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் தென்கடலோர ஜில்லாக்களில் தனியார் கனிமமணல் எடுப்பதை நிறுத்திவைத்தது. எவர் எடுப்பினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கனிமத்தைப் பிரித்தபின் மணலைத் திரும்பக் கொட்டிக் குழியை நிரப்பலாம். குன்றின் வடிவும், அதன் அடுக்கும், அதில் புதைந்துகிடந்த விதைகளும் லாரியில் திரும்பிவாரா. ஆதலால் தோண்டுமுன் அங்குள்ள பூண்டுகளை எண்ணிப் பதிந்து, விதையும் கொடியும் எடுத்துவைத்து, நிரப்பியபின் அவற்றையே நடவேண்டும் என்று கேட்பது கிராமத்தின் உரிமையாகும்.

5. பிற தேசங்களின் அனுபவம்

இது நமக்கு மட்டும் நேர்ந்த சங்கடமன்று. டென்மார்க்கு தேசத்தில் 1539 ஆம் ஆண்டிலேயே கடலோர மணற்புல்லைப் பிடுங்குவோருக்கு அரசன் அபராதம் விதித்தான். ஸ்காட்லாந்தில் குல்பின் என்னும் செழிப்பான பண்ணை 1694 ஆம் ஆண்டின் பெருங்காற்றில் மணலுள் புதைந்தது. அந்த மணல் ஒரே இரவில் வந்ததன்று, பல ஆண்டுகளாய் நெருங்கி வந்ததே என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அப்பக்கத்தார் கூரை வேய்வதற்காகக் குன்றின் புல்லைப் பிடுங்கியதே காரணமென்று கண்டு, மறு ஆண்டாகிய 1695 இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு அவ்வாறு பிடுங்குவதைத் தடுத்துச் சட்டமியற்றியது. பண்ணை போனபின் சட்டம் வந்தது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

பிரான்சு தேசத்தின் தென்மேற்குக் கரையில் பிரெமோந்தியே என்னும் எஞ்சினீயர் 1787 ஆம் ஆண்டு முதல் மணற்குன்றுகளின்மேல் விதை விதைத்து, அது பறந்து போகாதபடி சுள்ளிகளால் மூடி, பைன் மரக்காட்டை வளர்த்து மணலை நிறுத்தினார். அவருடைய முறையில் நாம் கற்கவேண்டியது மரத்தையன்று, சுள்ளியை. முதலில் மணலை அசையாமல் மூடு, பின்னர் பயிரிடு என்பதே அதன் சாரம். மரம் எது என்பதை அந்தந்தக் கரையே தீர்மானிக்கும். நம் கரை தனக்கு வேண்டியவற்றை முன்னமே தெரிந்தெடுத்து வைத்திருக்கிறது.

6. செய்யவேண்டிய முறை

கெட்டுப்போன குன்றைச் சீர்திருத்த விரும்புவோர் கீழ்க்கண்டவாறு செய்யலாம். பெருஞ்செலவில்லை.

(அ) காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களே நடவுக்கு ஏற்றவை. அப்போது வடகிழக்குப் பருவமழை உண்டு. மேல்கரையில் கடலும் தணிந்திருக்கும். ஆனியில் கடல் கொந்தளிப்பதற்குள் கொடி வேர்கொள்ள ஆறேழு மாதம் கிடைக்கும்.

(ஆ) வேலி. பனைமட்டை அல்லது தென்னோலை மட்டையால் 3 அடி உயரமுள்ள வேலியைக் காற்று வரும் திசைக்குக் குறுக்காக நிறுத்தவேண்டும். வேலியை அடைத்துக் கட்டலாகாது. பாதி இடம் மறைந்தும் பாதி இடம் திறந்தும் இருக்கவேண்டும். முழுதும் அடைத்தால் காற்று சுழன்று அடிமணலைத் தோண்டும். பாதி திறந்திருந்தால் தளர்ந்து மணலைப் போட்டுவிடும். வேலி புதைந்ததும் அதன்மேல் இரண்டாவது வேலி கட்டலாம்.

(இ) அடம்பு. முற்றிய கொடியில் நாலைந்து கணுவுள்ள, ஒன்றரை அடி நீளத் துண்டுகளாய் வெட்டி, இலைகளைக் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு ஈரமணலில் புதையும்படி, 3 அடிக்கு ஒன்றாக, வரிசை மாற்றி நடவேண்டும். வெட்டும்போது ஓரிடத்துக் கொடிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்கலாகாது. விதையிலிருந்து வளர்ப்பதாயின், ஓட்டின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் சீக்கிரம் முளைக்கும்.

(ஈ) இராவணன் மீசை. வேரோடு கூடிய ஓட்டுத்தண்டுகளைப் பெயர்த்து நடலாம். ஆண், பெண் இரண்டும் அமைந்தாலன்றி விதை உண்டாகாதாதலால், பல தூர்களிலிருந்து எடுக்கவேண்டும். முள் கண்ணிற் படாதபடி எச்சரிக்கை தேவை.

(உ) அரிய பூண்டுகள். இவற்றைப் பெயர்த்து நட முயல்வதைவிட, இருக்குமிடத்தைக் காப்பதே மேல். விதை எடுத்தால் அதே கரையில் விதைக்கவேண்டும். தூரத்து ஊரின் விதையைக் கொண்டுவந்து கலப்பது நன்றன்று.

(ஊ) பின்சரிவு. முன்வரிசை வேர்கொண்ட இரண்டாம் ஆண்டில் தாழை, சங்கங்குப்பி, நொச்சியையும், அதற்கடுத்துப் புன்னை, பூவரசு, பனையையும் வைக்கலாம். புன்னைக்கொட்டையின் ஓட்டை மெதுவாய் உடைத்துப் பருப்புக்குச் சேதமின்றி நட்டால் விரைவில் முளைக்கும்.

(எ) வழி. மீன்பிடிப்போருக்கும் நீராடுவோருக்கும் வழி வேண்டும். அதை மறுப்பது தகாது. ஆனால் ஆளுக்கொரு வழி என்பதை விட்டு ஊருக்கொரு வழி என்று வைத்து, அதையும் காற்றுக்கு நேராக வெட்டாமல் சாய்வாக அமைத்து, பனந்தடியோ பலகையோ பரப்பவேண்டும். நேரான வழி காற்றுக்கு வாய்க்காலாகும். இடத்தைத் தெரிந்தெடுக்கும்போது கடற்றொழில் செய்யும் குடும்பங்களைக் கலந்துகொள்வது அவசியம். எந்தக் காற்றில் மணல் எப்படி நகரும் என்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.

முதல் இரண்டு ஆண்டுகள் ஆடுமாடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் குன்று தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

7. கிராம உத்தியோகஸ்தர் கவனத்திற்கு

முன்னே திருவிதாங்கூர் அரசில் பார்வத்தியக்காரர் பார்த்த வேலையை இன்று கிராம நிர்வாக அலுவலர் பார்க்கிறார். புறம்போக்கு நிலத்தின் காவல் அவர் பொறுப்பில் ஒரு பகுதி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், முதன்முதல் 1991 ஆம் ஆண்டிலும், பின்னர் 2011, 2019 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தது. 2011, 2019 ஆம் ஆண்டுகளின் அறிவிக்கைகள் மணற்குன்றுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகவும் பாதுகாக்கத்தக்க முதல் வகுப்பில் சேர்த்திருக்கின்றன. குன்றைச் சமப்படுத்துவதும் மாற்றியமைப்பதும் தடுக்கப்பட்ட செயல்கள். பட்டா நிலமாயினும் இத்தடை பொருந்தும் என்பதை நிலமுடையோர் அறியவேண்டும்.

சட்டம் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. குன்று எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிகிறது, அதன் உயரம் எவ்வளவு, எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்பனவற்றை ஒருமுறை அளந்து கிராமக் கணக்கில் குறித்துவைத்தால், பின்னர் வழக்கு வரும்போது அதுவே சாட்சியாகும். அளவில்லாத குன்று திருட்டுப் போனதென்று எவ்வாறு நிரூபிப்பது? 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, ஊரிலுள்ள உயிரினங்களைப் பதிவேட்டில் எழுதவேண்டும். அப்பதிவேட்டில் வயற்பயிருக்கும் மூலிகைக்கும் இடமிருப்பதுபோல் கடலோரப் பூண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது நலம். பூண்டின் பெயர் தெரியாவிடில், அதன் பூவையும் இலையையும் உலர்த்தி ஒட்டி, கண்ட இடத்தையும் மாதத்தையும் எழுதி வைத்தாலும் போதும்.

சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022 ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததால் அவற்றின் பெருமை உலகமறிந்தது. பறவை வந்து இறங்கும் குளத்தை எவரும் பார்த்து மகிழ்வர். மணலில் படர்ந்துகிடக்கும் பூண்டைப் பார்க்க எவரும் வரமாட்டார்கள். அதன் பெருமையை அறியவேண்டியவர்கள் அதன் பின்னால் குடியிருப்பவர்களே.

8. முடிவுரை

குளக்கரையைக் காக்கும் வழக்கம் நம்மிடம் புதிதன்று. மடை திறக்கும் முறையும், கரைக்கு மண்ணிடும் முறையும், கரையில் மாடு மேயலாகாது என்ற கட்டுப்பாடும் நம் முன்னோர் ஏற்படுத்தியவை. அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் சில பர்லாங்கு தெற்கே நீட்டிக் கடலோரக் கரைக்கும் பொருத்துவது ஒன்றே இப்போது வேண்டுவது. வருகிற ஐப்பசியில் ஒவ்வொரு கடலோரக் கிராமத்தாரும் தங்கள் குன்றில் காற்று திறந்துவிட்ட ஒரே ஒரு வாசலையேனும் மட்டைவேலி கட்டி அடைத்து, நூறு அடம்புத் துண்டுகளை நட்டுப் பார்ப்பார்களாக. அடுத்த பங்குனிக்குள் வேலியின் அடியில் எத்தனை அங்குலம் மணல் சேர்ந்திருக்கிறதென்று ஒரு குச்சியால் அளந்து பார்த்தால், இக்கட்டுரையில் கூறியதன் உண்மை தானே விளங்கும்.